ஒன்றரை மணி நேர நடுநிலை

பிளேஸ்டோ
6 அக்டோபர் 2025, திங்கள்

கார்த்திகேசு சேருக்கு,

நான் கத்தேல்லை. முதல் அதை விளங்கிக்கொள்ளும். கையை உயத்தினன், மைக்கைத் தந்தாங்கள், கேள்வி கேட்டன். "சேர், அண்டைக்கு அந்தக் கார் ரயருக்கு என்ன நடந்தது?" எண்டு கேக்கிறது கத்திறதோ? சனம் சிரிச்சதுக்கு நான் என்ன செய்ய? என்ர மூஞ்சை அப்பிடி. பூசையில பைபிள் வாசகம் வாசிக்க எழும்பினாலும் ரெண்டு பேர் சிரிக்கினம்.

நீர் என்னடாவெண்டா மேடையில ஒரு கிளாஸ் தண்ணியைக் குடிச்சுப்போட்டு "அடுத்த கேள்வி" எண்டீர். வீட்ட போய் வாட்ஸப்பில என்னை ப்ளொக் பண்ணினீர். சரி. முத்திரை ஒட்டின கடிதத்தை ப்ளொக் பண்ணுறதெண்டா தபால்காரனோடதான் மல்லுக்கட்ட வேணும். கட்டும், பாப்பம்.

ஏழாம் வகுப்போட நிண்ட ட்ரைவர் எழுதிறன். பிழை இருந்தாச் சிவப்புப் பேனையால திருத்தி அனுப்பும். என்ர லீவுக் கடிதத்தையே திருத்தித் தந்த மனுசன்தானே நீர். இன்னொண்டு. வேலையில இருக்கேக்க "நீங்கள்" எண்டு கதைச்சனான். ரெண்டு பேருக்கும் பென்சன் வந்தாப்பிறகு "நீர்" தான். நீர் எனக்கு நாலு வயது இளமை.

விசயத்துக்கு வாறன். இல்ஃபோர்ட் நூலக ஹோலில நீர் ஆளுக்கொரு பிரதி குடுத்து வாசிச்ச ஆறாம் அத்தியாயம் எனக்குப் பாடம். "2018 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. துறைமுக அறிக்கையில் எங்கள் நாடு கையெழுத்திடுவதைத் தவிர்ப்பதற்காக, நன்கு திட்டமிடப்பட்ட தொண்ணூறு நிமிடத் தாமதத்தை நான் ஏற்பாடு செய்தேன்." அறுபது பேர் கை தட்டிச்சினம். எனக்குப் பக்கத்தில இருந்த மனுசி "என்ன மூளை!" எண்டா. அப்பதான் நான் கையை உயத்தினது.

உம்மட நாட்டின்ர பேரை நான் எழுத மாட்டன். உங்கட லண்டன் தூதரகத்தில ட்ரைவரா சேரேக்க ரகசியம் காப்பன் எண்டு கடதாசியில கையெழுத்து வைச்சனான். நீர் மேடையில சொல்லலாம், நான் முத்திரை ஒட்டிச் சொல்லேலாது. அந்தப் பெரிய ரெண்டு நாட்டுக் கூட்டத்துக்கும் நான் அப்ப வைச்ச பேரே காணும்: மாமா வீடு, சித்தப்பா வீடு. ரெண்டு வீடும் ஒண்டின்ர முகத்தை ஒண்டு பாக்காது. உம்மட நாடு ரெண்டு பந்தியிலயும் குந்திச் சாப்பிட வேணும். மாமா வீட்டுப் போர்க்கப்பல் உங்கட துறைமுகத்தில தண்ணி பிடிக்கும். அதே துறைமுகத்தில சித்தப்பா வீட்டுக் கிரேன் பெட்டி இறக்கும். உம்மட புத்தகத்தில இருநூறு பக்கத்தில இருக்கிறதும் இதுதான், நான் நாலு வரியில சொல்லிப்போட்டன்.

ஆனா அண்டைக்கு நடந்தது திட்டமோ, சேர்? தேம்ஸ் ஆத்தங்கரையோரம் காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கை இருந்தது நானும் நீரும்தான். மூண்டாவது ஆள் இல்லை. நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?

கிறிஸ்துராஜா
(முதல் தூதரின்ர கொடிக்கார் ஓட்டினவன், பிறகு தூதரகத் தபால் வான் ஓட்டினவன்)


இல்ஃபோர்ட்
10 அக்டோபர் 2025

திரு. கிறிஸ்துராஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினோரு இடங்களில் பிழை இருக்கிறது. திருத்தி அனுப்ப எனக்கு நேரமில்லை.

மூன்று ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தை எழுதுகிறேன். உங்களுக்கு அது பந்தியும் கல்யாண வீடுமாகத் தெரிகிறது. பெரிய நாடு தவறு செய்தால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மிகச் சிறிய நாடு என்ன செய்தாலும் யாரும் கவனிப்பதில்லை. நடுத்தர நாட்டுக்குத்தான் ஒவ்வோர் அசைவிலும் இரண்டு பேர் அர்த்தம் தேடுவார்கள். யாருடைய தேசிய தின விருந்துக்குத் தூதரே போனார், யாருடையதற்கு உதவியாளரை அனுப்பினார், எத்தனை நிமிடம் நின்றார், எந்தக் கையில் கோப்பையைப் பிடித்திருந்தார் என்பது வரைக்கும் எழுதி அனுப்புவார்கள். முப்பத்தோரு ஆண்டுகள், தூதர்களுக்குக் கீழே இருந்து நான் செய்த வேலை அந்த நிமிடங்களைச் சமமாக வைத்திருப்பது. அது வேடிக்கை அல்ல.

நவம்பர் 13 அன்று ஒரு காரியம் எப்படி நடந்தது என்பது முக்கியமல்ல. என்ன விளைந்தது என்பதே முக்கியம். நீங்கள் சொல்லும் 'மாமா வீட்டின்' அறிக்கையில் நாங்கள் கையெழுத்திடவில்லை. அடுத்த வாரம் எதிர்த்தரப்பின் அறிக்கையிலும் கையெழுத்திடவில்லை. இரண்டு தரப்பும் எங்களை மதித்தன. அந்தத் தாமதம் இன்று எங்கள் வெளியுறவு அமைச்சின் பயிற்சி வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

அப்படிப்பட்ட ஒன்றை அறுபது பேர் முன்னால் சிரிப்பாக்கினீர்கள். உங்களோடு இனிப் பேசுவதில்லை என்று என் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.

கார்த்திகேசு

பி.கு: தபால் வானைப் பற்றி எழுதியது தேவையற்றது. உங்களைக் கொடிக்காரிலிருந்து இறக்கியது தூதர் எடுத்த முடிவு. என்னுடையது அல்ல.


பிளேஸ்டோ
14 அக்டோபர் 2025

சேர்,

எழுத வேண்டாமெண்டு எழுதினா, "சரி எழுதேல்லை" எண்டு சொல்லவாவது ஒரு கடிதம் எழுத வேணுமெல்லோ. என்ர மனுசி பியற்றிஸ் சொல்லுறா, "அந்தாள் படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணின பிறகும் உனக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கு, அதுக்கு உன்னில இன்னும் பட்சம்தான்" எண்டு. பதினொரு பிழையும் எண்ணினீரே, அதை வாசிக்கவே எனக்குச் சந்தோசம்.

ஆனா இந்தமுறை பகிடிக்கு எழுதேல்லை.

ஞாயிறு பூசை முடிஞ்சு கோயில் ஹோலில ரீ குடிச்சுக்கொண்டு நிக்கிறன், கொட்வின் வாறான். உமக்குத் தெரியும், மன்னார்ப் பெடியன், நான் விட்ட இடத்தில இப்ப கொடிக்கார் ஓட்டுறவன். நான்தான் சேத்துவிட்டனான்.

"அங்கிள், ஒரு கேள்வி. கார் பிழைச்சுப்போச்செண்டு சொன்னா ஆக்கள் நம்பிற பிழை எது? ரயரோ, பற்றறியோ?"

எனக்கு ரீ கையில ஊத்துப்பட்டுது.

"ஆரடா கேட்டது?"

"ஷாமளா மேடம்."

உம்மட மகள், சேர். ரெண்டாம் செயலாளர். அப்பர் இருந்த அதே மாடியில இருக்கிற பிள்ளை.

முன் சீற்றுக்குக் காது இருக்கு, அது உமக்குத் தெரியும். இந்த மாதம் 31, வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு மாமா வீட்டார் இன்னொரு அறிக்கை வைக்கினம். கடலுக்கடியால போற இன்டர்நெற் கேபிளைப் பற்றி. சித்தப்பா வீட்டுக் கொம்பனி அதில தொடப்படாது எண்டு. உங்கட தலைநகரத்தில இருந்து உத்தரவு வந்திருக்கு: தூதர் நேரத்துக்குப் போய் இருக்க வேணும், கையெழுத்து வைக்கப்படாது, ஏன் வைக்கேல்லை எண்டதை எழும்பி நிண்டு சொல்ல வேணும்.

பிள்ளைக்கு அந்த எழும்பி நிண்டு சொல்லுறதில பயம். முகத்துக்கு நேர சொன்னா மாமா வீடு கோவிக்கும். அதால புதுத் தூதருக்கு யோசனை சொல்லியிருக்கு: "பிந்திப் போவம். கார் பிழைச்சுப்போச்செண்டு சொல்லுவம். ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். எங்கப்பா அப்படித்தான் செஞ்சார், பாடத்துலயே இருக்கு." தூதரும் தலையாட்டிப்போட்டாராம்.

சேர், 2018 இல நான் ரயர் எண்டா ரயர்தான். இப்பத்தைய கார் எங்க நிண்டது, எத்தினை நிமிசம் நிண்டது, எந்த ரயரில எவ்வளவு காத்து எண்டு கம்பியூட்டரில எழுதி வைக்கும். உங்கட தலைநகரத்தில ஒருத்தன் அதைத் திறந்து பாத்தாக் காணும். முதல் கொட்வினுக்கு வேலை போகும், அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். பிறகு உத்தரவை மீறிப் பொய் சொன்னதெண்டு ஷாமளாவின்ர பேரில எழுதுவினம். அதோட அவளுக்கு எல்லாம் முடிஞ்சுது.

நீர் ஒருக்கா அவளைக் கூப்பிட்டு, "அது திட்டமில்லை மோளே, நான் இப்பிடி ஒரு பைத்தியக்கார வேலை பாத்தன்" எண்டு சொல்லும். அவ்வளவுதான். நான் சொல்லேலாது. என்ர வாயில உண்மை வந்தாலும் சனத்துக்குப் பகிடியாத்தான் கேக்கும், அது என்ர சாபம்.

பாத்தீரோ, ரெண்டு கடிதம் எழுதிப்போட்டன், ராகுகாலம் எண்ட சொல் ஒரு இடத்திலயும் வரேல்லை. நான் ரகசியம் காக்கிறவன்.

கிறிஸ்துராஜா


இல்ஃபோர்ட்
20 அக்டோபர் 2025, தீபாவளி

கிறிஸ்துராஜா அண்ணனுக்கு,

இன்று காலை ஷாமளா வந்திருந்தாள். குளித்து, விளக்கேற்றி, பலகாரம் சாப்பிட்டோம். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, அடுத்த வாரம் உங்க வழியில ஒரு வேலை செய்யப் போறேன். முடிஞ்ச பிறகு சொல்றேன்" என்றாள். உங்கள் கடிதத்தை ஏற்கெனவே படித்திருந்தேன். எனக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரியும். "நல்லதுமா, பார்த்துப் போ" என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட சொல்லை நானே எழுதிவிடுகிறேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சமையலறையில் தொங்கிய நாட்காட்டி மூன்று மணியிலிருந்து நாலரை வரை ராகுகாலம் என்று சொன்னது. கையெழுத்து விழா மூன்றரைக்கு. நாடு சார்பாக ஒரு புதுக் காரியம். அது மட்டுமென்றால் நான் போயிருப்பேன், அண்ணே. முப்பது வருடங்களில் எத்தனையோ ராகுகாலத்தில் எத்தனையோ கதவைத் திறந்திருக்கிறேன். ஆனால் மறுநாள் காலை ஊரில் ஷாமளாவுக்கு வெளியுறவு அமைச்சின் நேர்முகத் தேர்வு. இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை. அவள் அம்மா இறந்து ஐந்து மாதம். அந்த நேரத்தில் எதையும் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. தூதரை ஏற்றப் போகும் வழியில் ஆற்றங்கரையில் காரை நிறுத்தச் சொன்னேன்.

எப்போதும் போல ஒன்றரை மணி நேரம் வரவேற்புரையும் தேநீரும் இருக்கும், நாலரைக்குக் கிளம்பினாலும் ஐந்து மணிக்குக் கையெழுத்துக்கு இருப்போம் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் பேச்சைச் சுருக்கிவிட்டார்கள். தூதர் தன் வீட்டு வாசலில் கோட்டோடு ஒன்றரை மணி நேரம் நின்றார். நாம் போய்ச் சேர்ந்தபோது மேசையையே மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டயர் காத்துப் போயிட்டுது சேர், பிழை என்ர" என்று நீங்கள் தூதரிடம் சொன்னீர்கள். நான் உங்களைச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. யாரோ ஒருவர், "அது திட்டமிட்ட தாமதம்தானே?" என்று புன்னகையோடு கேட்டார். நானும் புன்னகைத்தேன். அப்படித்தான் அது திட்டமானது. பயிற்சி வகுப்பில் அந்தப் பாடம் வந்த அன்று ஷாமளா எழுந்து நின்று, "அது எங்கப்பா" என்று சொன்னாளாம். இதை என்னிடம் அவள் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அவளிடம் போய் அது நாட்காட்டி என்று எப்படிச் சொல்வது?

கொட்வினிடம் நீங்களே சொல்லுங்கள், அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று. அவன் முடியாது என்றால் திட்டம் தானாக நின்றுவிடும். அது போதும்.

கார்த்திகேசு


பிளேஸ்டோ
24 அக்டோபர் 2025

சேர்,

தீபாவளிப் பலகாரம் அனுப்புவீர் எண்டு பாத்தன். கடிதம்தான் வந்தது. பரவாயில்லை, இந்தமுறை கடிதத்தில உப்பு இருந்தது.

ஷாமளாவின்ர நேர்முகத் தேர்வு எனக்கு இப்பதான் தெரியும். காருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த ஒன்றரை மணித்தியாலமும் உம்மைப் பகிடி விட்டிருக்க மாட்டன். பொய் சொல்லுறன், விட்டிருப்பன். கொஞ்சம் குறைச்சு விட்டிருப்பன்.

ஒரு வேலை செய்தன். புதன்கிழமை ஆர்ச்வேக்குப் போய் முருகன் கோயிலில ஐயரைப் பிடிச்சன். வேதக்காரன் வந்து ராகுகாலம் கேக்கிறான் எண்டு அவர் முதல் நம்பேல்லை. "ஐயா, உங்கட ராகுவுக்கு லண்டனில விசா இருக்கோ?" எண்டன். சிரிச்சுப்போட்டுச் சொன்னார், அது சூரியன் எழும்பிறதிலையும் படுக்கிறதிலையும் பிரிச்சுக் கணக்குப் பாக்கிறது, ஊருக்கு ஊர் மாறும், நவம்பரில இஞ்ச பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை எண்டு. பேனையை எடுத்துக் கணக்குப் போட்டார். அண்டைக்கு லண்டனில ராகு ரெண்டு மணிக்குக் கிட்ட வந்து, மூண்டு மணி அஞ்சு நிமிசத்தோட எழும்பிப் போயிட்டார்.

நீர் பாத்தது உம்மட ஊரில அச்சடிச்ச கலண்டர். ஏழாயிரம் மைல் அங்கால இருக்கிற சூரியனுக்கு எழுதினது. மூண்டேகாலுக்கு நாங்கள் வெளிக்கிட்டிருக்கலாம், சேர். ராகுவும் இல்லை, ரயரும் இல்லை, தபால் வானும் இல்லை. இதை வாசிச்சு நீர் தலையில கை வைக்கிறது இஞ்ச இருந்தே தெரியுது.

சரி, இனிக் கேளும். கொட்வினை மறுக்கச் சொல்லுறீர். ரெண்டாம் செயலாளர் சொன்னதை ட்ரைவர் மறுத்தா அடுத்த மாதம் கொடிக்காரில வேற ட்ரைவர் இருப்பான். உம்மட வாய்க்குக் கஷ்டமான வேலையை முன் சீற்றில இருக்கிறவன் செய்ய வேணுமோ? ஒருக்கா செய்தது காணும்.

இது கோவம் எண்டு நினையாதையும். நான் எழுத வந்தது வேற.

அந்த 13ஆம் தேதிக்குப் பிறகு ஒன்பது நாள். மறந்திட்டீரோ? தூதர் உம்மோடயும் கோவம். கார் தரேல்லை. என்ர தபால் வானிலதான் உம்மை ஏத்தித் திரிஞ்சனான், பின்னுக்குப் பாசல் மூட்டையள், முன்னுக்கு நீர் கோட்டும் ரையும். முதல் நாள் மாமா வீட்ட போனம். வாசலில வான் நிக்க விட மாட்டன் எண்டான் காவல்காரன். நீர் இறங்கி நடந்து போய்ச் சொல்லிப்போட்டு வந்தீர். எனக்குத் தெரியும் நீர் உள்ளுக்குப் போய் என்ன சொன்னீர் எண்டு, ஏனெண்டா போகேக்க வானுக்குள்ள என்னை மாமா வீட்டுக்காரனா இருத்தி நாலுதரம் ஒத்திகை பாத்தனீர். நான் மூஞ்சையைச் சுழிச்சு, "அப்ப உனக்கு எங்களில விருப்பமில்லை?" எண்டு கேட்டன். நீர் சொன்னீர்: "நாங்கள் வராதது பிழை, மன்னியுங்கள். ஆனால் வந்திருந்தாலும் உங்கள் அறிக்கையின் மூன்றாம் பத்தியில் கையெழுத்து வைத்திருக்கக் கூடாது. எங்கள் துறைமுகத்தில் அவர்கள் கிரேன் நிற்கிறது. அதை நாளைக்குக் கழற்ற எங்களால் முடியாது, முடியும் என்று பொய் சொல்லவும் மாட்டோம்."

அடுத்த நாள் சித்தப்பா வீடு. திரும்பவும் ஒத்திகை. நான் பல்லைக் காட்டி, "அப்ப நீ எங்கட பக்கம்!" எண்டன். நீர் சொன்னீர்: "இல்லை. உங்கள் அறிக்கையிலும் கையெழுத்து வைக்க மாட்டோம். எங்கள் துறைமுகத்தில் அவர்கள் கப்பலும் நிற்கிறது." ரெண்டு வீட்டிலயும் ஒரே கதை. ஒரு சொல் மாத்தேல்லை. அதுதான் எனக்கு அதிசயம். நான் எண்டா மாமா வீட்டில மாமாவைப் புகழ்ந்திருப்பன்.

தலைநகரத்துக்கும் எழுதினீர். அவங்கள் முதல் "கையெழுத்து வை" எண்டுதானே சொன்னவங்கள். "வராமல் விட்டது தவறுதான், ஆனால் இனி வைக்க வேண்டாம்" எண்டு காரணம் எழுதி ஒத்துக்கொள்ள வைச்சீர். பிறகு உங்களை மாதிரி நடுவில நிக்கிற நாடுகள், எட்டுத் தூதரகம், எட்டு வாசல், எட்டு இடத்திலயும் வானுக்குப் பார்க்கிங் இல்லை. எந்தக் கொடியோட கப்பல் வந்தாலும் துறைமுகம் திறந்திருக்கும் எண்டு ஒன்பது பேரும் சேந்து ஒரு பந்தி எழுதிக் குடுத்தியள்.

மதிப்பு வந்தது அந்த ஒன்பது நாளாலை, சேர். அந்த ஒன்றரை மணித்தியாலத்தாலை இல்லை. உம்மட ஆறாம் அத்தியாயத்தில ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பதினாலு பக்கம், ஒன்பது நாளுக்கு ஒரு வரி. "தொடர்ந்து சில ஆலோசனைகள் நடைபெற்றன." பிள்ளை வாசிச்சுப் படிச்சது அந்தப் பதினாலு பக்கத்தை. எழும்பி நிண்டு சொல்லப் பயப்பிடுற பிள்ளைக்கு, அப்பர் ரெண்டு வாசலிலயும் எழும்பி நிண்டு சொன்ன கதையை ஒருத்தரும் சொல்லேல்லை.

இன்னும் ஏழு நாள் இருக்கு.

கிறிஸ்துராஜா


இல்ஃபோர்ட்
28 அக்டோபர் 2025

அண்ணே,

மூன்று நாளில் மூன்று தடவை அவளுக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேற்று அவளே, "அப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பகல் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். படத்துக்கு முன்னால் சொன்னது சொன்னதுதான். பேச மாட்டேன்.

கார்த்திகேசு


பிளேஸ்டோ, என்ர வீட்டு மேசை
30 அக்டோபர் 2025, வியாழன்

சேர்,

நீர் எனக்கு முன்னால இருக்கிறீர், நான் உமக்குக் கடிதம் எழுதிறன். எழுபத்திரண்டு வயதில இப்பிடி ஒரு விளையாட்டு விளையாடுவன் எண்டு நான் நினைக்கேல்லை. பியற்றிஸ் ரீயை வைச்சுப்போட்டு, "ரெண்டு பேருக்கும் விசர்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா. சத்தியம் சத்தியம்தான், நான் குழப்பேல்லை. இந்தாரும் கொப்பி, இந்தாரும் பேனை. உம்மட பக்கத்தை எழுதித் தள்ளும்.


அண்ணே, காலையிலிருந்து யோசிக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நாட்காட்டியிலிருந்தா, டயரிலிருந்தா? எதிலிருந்து தொடங்கினாலும் அவள் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.


மாமா வீட்டுக்காரன்ர முகம் மாறினதைப் பாத்தனீர்தானே. செத்துப்போனீரோ?

ஷாமளாவுக்கு இப்ப கேக்க வேண்டியது ஒண்டுதான்: பிந்திப் போக வேண்டாம், போய் எழும்பி நில், நான் அப்பிடித்தான் நிண்டனான். அதை நம்ப வேணுமெண்டா முதல் அந்த ராகுகாலக் கதையைச் சொல்லத்தான் வேணும். வேற குறுக்கு வழி இருந்தா ட்ரைவர் நான் காட்டியிருப்பன்.


அவள் என்னை இனி எப்படி மதிப்பாள்?


அதை அவளிட்டையெல்லோ கேக்க வேணும். என்னட்டைக் கேட்டா, நான் உம்மை அந்தத் தபால் வானுக்குள்ளதான் முதல் முதல் மதிச்சனான். கொடிக்காரில நீர் வெறும் சேர்.


புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை, அச்சேறும் முன்பே அச்சகத்திலிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். ஆறாம் அத்தியாயத்தை முழுதாகக் கிழித்துவிட்டு எழுதப் போகிறேன். உங்கள் பெயரைப் போடலாமா?


என்ர பேர் வேண்டாம், நான் கடதாசியில கையெழுத்து வைச்ச ஆள். அந்த எட்டுத் தூதரகத்திலயும் வானுக்குப் பார்க்கிங் தராததை எழுதும், அதுதான் சரித்திரம்.

இப்ப மணி ஒண்டரை. நாளைக்கு இந்த நேரம் கொட்வின் காரைத் துடைச்சுக்கொண்டு நிப்பான், எந்தப் பொய் சொல்லுறதெண்டு தெரியாமல். இண்டைக்கு நீர் போனா நாளைக்கு அவன் நேரத்துக்கு வெளிக்கிடுவான். எப்பிடிச் சொல்லுறதெண்டு நான் சொல்லித் தாறன், கேளும். அவளை அலுவலகத்துக்குள்ள வைச்சுச் சொல்லாதையும், வெளியில கூப்பிடும். சாப்பிட்டியோ எண்டு கேக்காதையும், கேட்டா அந்தக் கதை அங்கயே முடிஞ்சு போம். முதல் வசனமே "நான் பிழை விட்டனான்" எண்டு இருக்கட்டும். ரெண்டாவது வசனம் பிறகு தானா வரும். நான் பியற்றிஸிட்ட ஒருக்கா இப்பிடித்தான் சொன்னனான், எண்பத்தொன்பதாம் ஆண்டு, அது ஒரு பெரிய கதை, அவ அப்ப மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, கையில கத்தி, நான் வாசலில நிண்டுகொண்டு

என்ன, போனை எடுக்கிறீர்? நான் இன்னும் கதையை முடிக்கேல்லை.

வாயைத் திறந்திட்டீர்! எனக்கில்லை, போனுக்கு. எழுதிறன், எழுதிறன்: "ஷாமளா, மீட்டிங்ல இருக்கியாமா? கொஞ்சம் வெளிய வர முடியுமா? இல்ல, உடம்பெல்லாம் நல்லா இருக்கு. அப்பா ஒரு தப்பு பண்ணியிருக்கேன். போன்ல வேணாம், நேர்ல வர்றேன்... கிளம்பிட்டேன்."

கிளம்பேல்லை, இன்னும் கதிரையில இருக்கிறீர் எண்டு எழுத முதல் எழும்பிப்போட்டீர். சேர், ரீ அப்பிடியே இருக்கு. கோட்டில ஒரு கைதான் போட்டிருக்கிறீர். கதவைச் சாத்திப்போட்டுப் போம், குளிர் வருது. பியற்றிஸ், அந்த மனுசனைப் பிடி, நான் அந்த மீன் வெட்டின கதையை...

ஜன்னலாலை பாக்கிறன். சேர், ஸ்டேஷன் இடக்கைப் பக்கம். நீர் வலக்கைப் பக்கம் போறீர். நில்லும், நான் இன்னும் அரைவாசிதான்